பயோகெமிஸ்ட்ரியில் சேர்க்கலாமா? கொரடாச்சேரியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கொரடாச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கை பிளஸ் டூவில் பயாலஜி குரூப். நீட் எழுதினாள், இடம் வரும் அளவுக்கு மார்க் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி, அதாவது உயிர்வேதியியல், கிடைத்திருக்கிறது. "அதைப் படித்தால் பிளட் டெஸ்ட் எடுக்கிற இடத்தில் ஊசி குத்தத்தான் போகணும்" என்கிறாராம் மாமா. அப்பாவுக்கு மூன்று ஏக்கர், அதில் பாதி குத்தகை. இதில் சேர்த்தால் மூன்று வருஷம் கழித்து என்ன வேலை, பேசாமல் நர்சிங்கில் போட்டுவிடலாமா என்பது கேள்வி. தமிழ் மீடியத்தில் படித்தவள், ஆங்கிலப் புத்தகத்தை நினைத்தாலே பயப்படுகிறாள் என்றும் கடைசியில் எழுதியிருக்கிறார்.

நான் இந்தப் பாடத்தை இருபது வருஷத்துக்கு மேலாக நடத்துகிறேன். அதற்கு முன் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு லேபில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி: சேர்க்கலாம். ஆனால் இந்தப் பட்டம் வேலையைக் கொண்டுவந்து வாசலில் வைக்காது. லேபில் கை பழகினால்தான் வேலை. எந்தப் பக்கம் போவது என்பதையும் இரண்டாம் வருஷத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் மூன்று வருஷத்தைக் கடத்தினால் மாமா சொன்னதைவிட மோசமான நிலையில்தான் நிற்பாள்.

முதலில் மாமா குழப்பிக்கொண்ட இடத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ரத்தம் எடுப்பது, லேப் டெக்னீஷியனாக இருப்பது எல்லாம் எம்.எல்.டி., அதாவது மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்தவர்களுக்கான வேலை. அரசு மருத்துவமனை லேப் டெக்னீஷியன் பதவிக்கு அந்தப் படிப்பைத்தான் கேட்பார்கள். பயோகெமிஸ்ட்ரி பட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் போய் நிற்க முடியாது. தனியார் லேபில் பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களையும் எடுக்கிறார்கள், அது வேறு. பல வீடுகளில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, மூன்றாம் வருஷம் வந்து என்னிடம் கேட்கிறார்கள். தங்கைக்கு அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், இந்தக் கல்லூரியில் பணம் கட்டாதீர்கள். எம்.எல்.டி. இடம் தேடுங்கள்.

சரி, அப்படியானால் இது என்ன படிப்பு? உங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துப் புழுங்கல் ஆக்குகிறோம். அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கிற தயமின் என்கிற பி1 வைட்டமின் தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை. தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்ற ஊர்களில் பெரிபெரி என்ற நோய் வந்தது, கால் மரத்துப்போகும், இதயம் வீங்கும். ஜாவாவில் ஐக்மேன் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதேபோலக் கால் முடங்குவதைப் பார்த்துத்தான் காரணத்தின் நுனியைப் பிடித்தார். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரில் 1918இல் பெரிபெரியை ஆராய ஒரு சின்னப் பிரிவு தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவித்த நெல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதுதான் பயோகெமிஸ்ட்ரி.

தவிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் அரைத்த நிமிஷத்திலிருந்து தவிட்டில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி (என்சைம்) அதிலிருக்கிற எண்ணெயைப் பிளக்க ஆரம்பிக்கிறது. இரண்டு நாள் மூட்டையில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும், எண்ணெய் சமையலுக்கு ஆகாது. அதனால்தான் தவிட்டெண்ணெய் எடுப்பவர்கள் தவிட்டை உடனே சூடேற்றி அந்த நொதியை முடக்குகிறார்கள், அல்லது சுடச்சுட எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு லோடுக்கும் எவ்வளவு கொழுப்பு அமிலம் பிரிந்திருக்கிறது என்று பியூரெட் என்கிற அளவுக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். அந்தச் சோதனையை உங்கள் தங்கை கல்லூரியிலேயே செய்வாள்.

வயலுக்கு வருவோம். ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா முழுகினால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுகிய பயிர் மூச்சுக்காக மேலே எட்டிப்பார்க்க முயன்று, இருக்கிற சர்க்கரையை எல்லாம் வளர்ச்சிக்குச் செலவழித்துவிடுகிறது. தண்ணீர் வடியும்போது கையில் ஒன்றும் இல்லாமல் சரிந்துவிடுகிறது. ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றில் இருந்த சப்1ஏ என்ற மரபணு இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அது இருக்கிற பயிர் வளராமல் அடங்கி, சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். நம் டெல்டாக்காரர்கள் கடையில் கேட்டு வாங்குகிற சிஆர் 1009 சப் 1 அந்த மரபணுவைச் சேர்த்த ரகம்தான். பயிர் சர்க்கரையை எப்படிச் செலவழிக்கிறது என்பது இரண்டாம் வருஷப் பாடம். பரீட்சைக்கு மட்டும் படித்தால் அது ஒரு பக்கம் படம், மனப்பாடம். நவம்பர் மாதம் வயலில் நின்று பார்த்தவளுக்கு அது அப்படி இருக்காது.

இப்போது லேப் வேலையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து எங்கள் கலெக்‌ஷன் சென்டர் ரத்த மாதிரிகளைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பும். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் எடுத்தது, எங்கள் மேஜைக்கு வரும்போது பன்னிரண்டு ஆகிவிடும். ஒருநாள் ஒரு பெரியவரின் சர்க்கரை 97 என்று மெஷின் காட்டியது. சாதாரண அளவு. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மாலை அவருடைய டாக்டர் போன் செய்தார். "மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.1 என்று அதிகமாக நீங்களே போட்டிருக்கிறீர்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை 97 என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?" டியூபை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் மூடி போட்ட டியூப் தீர்ந்துபோய், சிவப்பு மூடியில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் சாம்பல் மூடி டியூபில் எடுத்துப் பார்த்தபோது 138.

நடந்தது இதுதான். ரத்தத்தை உடம்பிலிருந்து எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, சர்க்கரையை உடைத்துத்தான் பிழைக்கின்றன. பிரிக்காமல் வைத்தால் டியூபுக்குள் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். எடுத்ததிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் ஐந்தரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சாம்பல் மூடி டியூபில் ஃப்ளூரைடு இருக்கும். அது ஈனோலேஸ் என்ற நொதியைத் தடுத்துச் சர்க்கரை உடைவதைப் பெரிதும் குறைக்கிறது. "ஃப்ளூரைடு ஈனோலேஸைத் தடுக்கும்" என்ற வாக்கியத்தை நான் பி.எஸ்சி.யிலும் எழுதியிருக்கிறேன், எம்.எஸ்சி.யிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று டியூபின் மூடியைப் பார்க்கவில்லை. அந்த டாக்டர் கேட்காமல் விட்டிருந்தால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அந்தப் பெரியவர் நம்பியிருப்பார். அந்த நாளை நான் மறக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் இதைச் சொல்கிறேன்.

எந்த மூடிக்கு எந்த டெஸ்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அந்த மூடி, இந்த அளவு நம்பும்படி இருக்கிறதா, இரண்டு ரிப்போர்ட் முரண்பட்டால் தவறு எங்கே என்று யோசிப்பதுதான் பயோகெமிஸ்ட்ரி படித்தவரின் வேலை. பெரிய லேப்களில் தரக் கட்டுப்பாடு என்று தனியாகவே ஆள் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அளவு தெரிந்த மாதிரியை ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைத்து, மெஷின் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. லேப்களின் தரத்தைச் சோதித்துத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தை வாங்கிய லேப் இதை விட முடியாது. அந்த இடத்துக்கு எம்.எஸ்சி. தேவைப்படும். மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி என்று மருத்துவக் கல்லூரிகளிலேயே மூன்று வருஷ எம்.எஸ்சி. ஒன்றும் இருக்கிறது. அதுவும் கலைக் கல்லூரியின் இரண்டு வருஷ எம்.எஸ்சி.யும் ஒன்றல்ல. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முன்னதைத்தான் பார்க்க வேண்டும்.

அரசு வேலை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவி. 2011ஆம் வருஷ உணவுப் பாதுகாப்பு விதிகளில் இந்தப் பதவிக்கான படிப்புகளில் பயோகெமிஸ்ட்ரி பெயர் சொல்லியே இருக்கிறது. பட்டம் போதும். அதே விதியில் வெறும் வேதியியல் படித்தவர் எம்.எஸ்சி. முடித்திருக்க வேண்டும் என்று இருப்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்கிறது. எப்போதாவதுதான் அறிவிப்பு வரும், அதனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஆனால் அறிவிப்பு வருகிற அன்று பி.எஸ்சி. கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. எம்.எஸ்சி. முடித்து உணவுப் பரிசோதனையில் மூன்று வருஷ அனுபவம் இருந்தால் உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வு எழுதலாம். தஞ்சாவூரிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பொங்கலுக்கு முன் வெல்லம் வெளுப்பாக இருக்க என்ன கலந்தார்கள் என்று பார்ப்பதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான். உணவு சம்பந்தமாகவே மேலே படிக்க ஆசை வந்தால், நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று நிஃப்டெம் என்ற பெயரில் தஞ்சாவூரில், பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது.

ஆசிரியர் வேலையில் ஒரு எச்சரிக்கை. பள்ளிகளில் பயோகெமிஸ்ட்ரி என்று தனிப் பாடம் கிட்டத்தட்ட இல்லை. பி.எட். சேர்வதற்கு முன், உங்கள் பட்டம் வேதியியலுக்கோ விலங்கியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் பி.எட். முடித்துவிட்டுக் கண்ணீரோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கல்லூரி ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, அல்லது பிஎச்.டி.

மருந்துக் கம்பெனிகள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அதிகம். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அந்தக் காயிலிருந்து எடுக்கிற பப்பேய்ன் என்ற நொதியைத் தயாரித்து விற்றுத்தான் பெங்களூரு பயோகான் 1978இல் தொடங்கியது. இன்று அது இன்சுலின் செய்கிற கம்பெனி. இங்கெல்லாம் கலவையில் இருப்பதைப் பிரித்து அளக்கிற எச்.பி.எல்.சி. மெஷினை ஓட்டத் தெரியுமா, எலைசா என்ற சோதனையைச் செய்திருக்கிறாயா என்றுதான் இன்டர்வியூவில் கேட்பார்கள். வீட்டை விட்டு வெளியூர் போக வேண்டும் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை என்று பிறகு தடுப்பதாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும், அது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

மெடிக்கல் கோடிங் பற்றியும் கேட்பீர்கள். திருச்சியிலும் சென்னையிலும் ஆள் எடுக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைக் கோப்புகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுகிற வேலை. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் நல்ல வழிதான், குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே லேப் கிடையாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து லேபுக்குத் திரும்புவது கஷ்டம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழி, ஆராய்ச்சி. அதற்குப் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் பிஎச்.டி. படிக்கிறவருக்குச் சம்பளம் போலப் பணம் வருகிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. டெல்டாவில் பல தனியார் வேலைகளில் ஆரம்பத்தில் இந்தத் தொகை கிடைக்காது. அதற்கு முன் எம்.எஸ்சி. நல்ல இடத்தில் படிக்க வேண்டும். திருச்சி பாரதிதாசன், சிதம்பரம் அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேயும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சேர சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாள் எழுத வேண்டும். கடைசி வருஷத்தில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுதினால் ஐ.ஐ.டி.களுக்குப் போகலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.எஸ்சி. முடித்தவுடன் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கும் அதே ஜாம் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே பயோகெமிஸ்ட்ரித் துறை 1921இலிருந்து இருக்கிறது. இந்தத் தேர்வுகளின் பெயரே தெரியாமல் மூன்றாம் வருஷத்தை முடிக்கிற பிள்ளைகள்தான் நம் பக்கம் அதிகம். எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது இதுதான். மார்க் இருக்கும், ஆர்வம் இருக்கும், விண்ணப்பத் தேதி போயிருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நேரில் போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். சென்ட்ரிஃப்யூஜ், கலரிமீட்டர், எலக்ட்ரோஃபோரசிஸ் செட் இருக்கிறதா, அதன்மேல் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வருஷத்தில் படிக்கிற ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயே பிப்பெட் பிடிப்பாயா, இல்லை சார் செய்து காட்டுவாரா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும்.

சேர்ந்த பிறகு கோடை விடுமுறையை வீணாக்கக் கூடாது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருஷாவருஷம் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி தருகின்றன. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் முந்தின வருஷக் கடைசியிலேயே வந்துவிடும். அது கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் லேபில் ஒரு மாதம் நிற்கட்டும், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அனுமதி கேட்டுப் பார்க்கட்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், சேர்ந்த வாரமே கேளுங்கள்.

நர்சிங் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். நான்கு வருஷத்தில் தொழில் உரிமத்தோடு வெளியே வருகிற படிப்பு அது. நோயாளி பக்கத்தில் நின்று கவனிப்பதில் தங்கைக்கு மனம் இருக்கிறது, வீட்டுக்கும் சம்பளம் சீக்கிரம் வேண்டும் என்றால் நர்சிங்தான் சரி. பயோகெமிஸ்ட்ரிக்கு பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று ஐந்து வருஷம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி.யோடு நின்றால் வழிகள் குறைவு. முடிவை அவளிடமே கேளுங்கள். மருத்துவம் கிடைக்காததற்கு மாற்று என்று மட்டும் நினைத்து வருகிற பிள்ளை முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துபோகிறது. நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியல் பக்கம் வந்து, செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்தைப் படம்பிடித்தார். வழி மாறுவது தோல்வி இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆங்கிலப் பயம் ஆறு மாதத்தில் தணியும், தானாக இல்லை, வேலை செய்தால். என்னிடம் படித்த தமிழ் மீடியப் பெண் ஒருத்தி முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்தில் ஃபெயில் ஆனாள். லேபில் எச்சிலையும் ஸ்டார்ச் கரைசலையும் கலந்து, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு அயோடினில் விடுகிற சோதனை உண்டு. முதல் சொட்டு கருநீலம், அப்புறம் ஊதா, அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும். "சோற்றை மெல்ல மெல்ல இனிக்குமே, அது இதுதானா மேடம்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுவாள். இன்று ஐதராபாத்தில் பிஎச்.டி. முடிக்கப் போகிறாள்.

உங்கள் தங்கையும் அப்படியே செய்யட்டும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதியில் உயிரியல் மூலக்கூறுகள் என்று ஒரு அலகு இருக்கிறது, தமிழிலேயே. முதல் செமஸ்டரில் பாதிப் பாடம் அதற்குள் இருக்கிறது. ரிசல்ட் வந்துவிட்டது என்று அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.